அக்கா படுத்துப் பார்த்த மெத்தை

எனக்கு இருபத்தாறு வயதானபோது, நான்கு மாதம் ஒரு கதவின் மேல் படுத்திருந்தேன். எங்கள் வீட்டுச் சாமான் அறையின் கதவு அது. அப்பா கீல்களைக் கழற்றி, இரண்டு பேர் துணையோடு தூக்கிவந்து, கயிற்றுக் கட்டிலின் சட்டத்தின் மேல் கிடத்தினார். தாழ்ப்பாளைக் கழற்ற மறந்துவிட்டதால் முதல் இரண்டு நாள் அது என் கணுக்காலில் உரசிக்கொண்டிருந்தது.

அறுபதுகளின் கடைசி. கிழக்குத் தாம்பரத்தில் வாடகை வீட்டில் அப்பா, அம்மா, நான் மூன்று பேர். அப்பா நகரத்தில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்தார். நான் குரோம்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர். தினமும் மின்சார ரயிலில் போய்வருவேன். ரயில் நின்ற பிறகுதான் இறங்க வேண்டும் என்று பிள்ளைகளுக்கு மாதம் ஒருமுறையாவது சொல்கிறவள், ஒரு மழைக்காலத்துக் காலையில் முதல் பெல் அடித்துவிடுமோ என்ற பதற்றத்தில், வண்டி நிற்பதற்குள் இறங்கினேன். ஈரமான பிளாட்பாரத்தில் கால் வழுக்கியது. நாற்காலியில் உட்கார்வதுபோல, உட்கார்ந்த வாக்கிலேயே விழுந்தேன். நாலு பேர் பார்த்துவிட்டார்களே என்ற வெட்கம்தான் முதலில் வந்தது. புடவையைத் தட்டிவிட்டு எழுந்து நடந்துபோய் இரண்டு பீரியட் பாடமும் எடுத்தேன். மூன்றாவது பீரியடுக்கு நாற்காலியை விட்டு எழ முடியவில்லை.

நகரத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து அப்பாவுக்குக் காட்டினார். இடுப்புக்குக் கொஞ்சம் மேலே ஓர் எலும்பு, ஓரம் நசுங்கிய தீப்பெட்டிபோல இருந்தது. ஆபரேஷன் தேவையில்லை, தானாகக் கூடிவிடும், ஆனால் அசையாமல் மல்லாந்து படுத்திருக்க வேண்டும் என்றார். “கெட்டியான பலகை மேல படுக்கணும். பஞ்சு மெத்தை கூடவே கூடாது.”

அப்படித்தான் கதவு வந்தது. அதன் மேல் ஒரு ஜமக்காளம், ஒரு போர்வை. அம்மாதான் எனக்கு எல்லாம் செய்தாள். பேசிக்கொண்டிருந்த ஒரு வரன் அந்த நாட்களில் சத்தமில்லாமல் விலகிப்போனது. அம்மா அதை என்னிடம் சொல்லவில்லை. கூடத்தில் இருந்த அவர்களுடைய கடிதங்கள் ஒருநாள் காணாமல் போயிருந்ததிலிருந்து தெரிந்துகொண்டேன். அதற்காக அழக்கூட முடியவில்லை. அழுதால் முதுகு குலுங்கும், வலிக்கும்.

மூன்றாவது வாரத்தில் வேறு தொல்லை ஆரம்பித்தது. அஸ்தினாபுரத்திலிருந்து எங்கள் சர்ச்சுக்கு வருகிற ஒரு நர்ஸ் அம்மா, ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைப் பார்க்க வருவார். அன்று என்னை மெல்ல ஒருக்களித்துப் பிடித்து முதுகைப் பார்த்தவர், அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார். முதுகின் அடி எலும்பில் ஒரு ரூபாய் அளவுக்குத் தோல் சிவந்து, விரலால் அழுத்தினாலும் வெளுக்காமல் அப்படியே இருந்ததாம்.

“இது இப்படியே விட்டா புண்ணாகிடும். படுக்கைப் புண் வந்தா எலும்பு கூடினாலும் பிரயோஜனமில்ல” என்றார். “டாக்டர்கிட்ட கேளுங்க. கெட்டியாவும் இருக்கணும், எலும்பு படற இடத்துல மெத்துன்னும் இருக்கணும். ரப்பர் மெத்தை போடலாமான்னு கேளுங்க.”

அப்பா மறுநாளே போய்க் கேட்டார். டாக்டர் யோசித்துவிட்டு, “போடலாம். ஆனா இடுப்பு பள்ளத்துல இறங்கக் கூடாது. முதுகு நேரா இருக்கணும். அதை மட்டும் பாத்துக்குங்க” என்று சொல்லி அனுப்பினார்.

ரப்பர் மெத்தை என்று அப்போது நாங்கள் சொன்னது, ரப்பர் மரத்துப் பாலை நுரைக்க வைத்து அச்சில் வார்த்துச் செய்வது. லேட்டக்ஸ் என்பார்கள். அந்தக் காலத்தில் அது ஓர் ஆடம்பரம். அப்பா மவுண்ட் ரோட்டில் ஒரு கடையில் வாங்கி, டாக்ஸியின் கூரையில் கட்டிக் கொண்டுவந்தார். நாலு அங்குலக் கனம். வெண்ணெய் நிறத்தில், மேல்பக்கம் வழவழப்பாக, லேசான ரப்பர் வாசனையோடு இருந்தது. என்னைப் படுக்கை விரிப்போடு தூக்கி அதன் மேல் கிடத்தியபோது, தண்ணீரில் மிதப்பதுபோல இருந்தது. அன்று பகல் முழுக்கத் தூங்கினேன்.

அந்தச் சுகம் இரண்டு நாள்தான். மூன்றாம் நாள் இடுப்பில் பழைய வலி வந்தது. நான்காம் நாள் இடது கால் மரத்துப்போனது. உடம்பின் கனமெல்லாம் இடுப்பில் சேர்ந்து, அந்த இடம் மட்டும் கீழே இறங்கிவிட்டது. முதுகு தொட்டில்போல வளைந்துவிட்டது. அம்மா பயந்துபோய் மெத்தையை உருவிச் சுவரோரம் நிறுத்திவிட்டாள். மறுபடியும் கதவு. சிவந்த இடம் கறுக்கத் தொடங்கியது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்த நர்ஸ் அம்மா, சுவரோரம் நின்ற மெத்தையைப் பார்த்துவிட்டு, “இதை வாங்கிட்டு வந்தா மட்டும் பத்தாது, ஆளுக்குத் தகுந்த மாதிரி அமைக்கணும்” என்றார். பல்லாவரத்தில் ஒரு குஷன்காரர் இருக்கிறார், பஸ் சீட்டு, தியேட்டர் சீட்டு, பல் டாக்டரின் நாற்காலி எல்லாம் செய்கிறவர், அவரை அனுப்புகிறேன் என்றார்.

அவர் இரண்டு நாள் கழித்து சைக்கிளில் வந்தார். நாற்பது வயதிருக்கும். கையெல்லாம் ரப்பர் பசை காய்ந்து தோல் உரிந்ததுபோல இருந்தது. அறை வாசலில் செருப்பை விட்டுவிட்டு, உள்ளே வராமல் நிலைப்படியில் நின்றுகொண்டார். மெத்தையை வராந்தாவுக்கு எடுத்துப்போய்க் கவிழ்த்துப் பார்த்தார்.

“சார், இத்த பாருங்க” என்று அப்பாவைக் கூப்பிட்டார். மெத்தையின் அடிப்பக்கம் முழுக்க, முட்டை அடுக்கும் அட்டைபோல வரிசை வரிசையாகக் குழிகள். “உள்ள காலியா கீது. அதான் மெத்துன்னு இருக்குது. கம்மி வெயிட்டுக்கு நல்லாத்தான் இருக்கும். இடுப்புதான் நம்ம ஒடம்புலயே வெயிட்டு. அது இந்தக் குழியை நசுக்கிட்டு எறங்கிடுது.”

“அப்போ என்ன செய்யறது?” என்றார் அப்பா.

“இடுப்புக்கு நேரா இருக்கிற குழியை மட்டும் அடைக்கலாம். தோளு, குதிகாலு வர்ற எடத்துல அப்படியே வுட்டுரலாம். அடியில தேங்கா நாரு ஷீட்டு ஒண்ணு, மேல மெல்லிசா ஒரு ரப்பர் ஷீட்டு. ஆனா டீச்சரம்மாவுக்கு எங்க எறங்குது, எங்க இடிக்குதுன்னு தெரியணுமே.”

நிலைப்படியில் நின்றபடியே என்னைக் கேட்டார். நான் சொல்லப் பார்த்தேன். மேலே என்றேன், கொஞ்சம் கீழே என்றேன், உள்ளே என்றேன். மொழிப்பாடம் நடத்துகிறவளுக்குத் தன் முதுகில் எந்த இடம் வலிக்கிறது என்று சொல்லத் தெரியவில்லை. சாதாரணமாக அவர் ஆட்களை உட்கார வைத்து, முதுகுக்கும் சீட்டுக்கும் நடுவே கையை விட்டுப் பார்த்துத்தான் அளவெடுப்பாராம். கல்யாணமாகாத ஒரு பெண்ணின் முதுகுக்கு அடியில் அவர் எப்படிக் கையை விடுவார்? தலையைச் சொறிந்துகொண்டே நின்றவர், “நாளைக்கு வூட்டம்மாவை இட்டாறேன்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்படித்தான் அந்த அக்கா வந்தாள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும், ஏறக்குறைய என் உயரம். அவளும் குஷன் வேலைக்காரிதான். கணவர் வெட்டித் தருகிற ரெக்சினையும் துணியையும் தையல் மிஷினில் தைப்பது அவள் பாகம். அளவு பார்ப்பதற்காக அன்று என்னை மறுபடியும் ரப்பர் மெத்தையில் கிடத்தியிருந்தார்கள். அக்கா உள்ளே வந்ததும் என் பக்கத்தில் குனிந்து, “டீச்சரம்மா, என் கை சில்லுன்னு கீது, பயப்படாதீங்க” என்றாள். கையைத் தன் புடவையில் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, என் இடுப்புக்கும் மெத்தைக்கும் நடுவில் மெல்ல நுழைத்தாள். பிறகு வராந்தாவைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள்:

“இடுப்பு வளைவுல நாலு விரல் தாராளமா போவுது. பின்பக்கம் அமுங்கிக் கீது, கையே போவல. தோளு சரியாக் கீது.”

வெளியே அவர், “நாலு விரலா? படுக்க வெச்சா, நிக்க வெச்சா?” என்று கேட்பார். அதாவது விரல்களைத் தட்டையாக வைத்தா, செங்குத்தாக வைத்தா என்று. “நிக்க வெச்சு” என்று இவள் பதில் சொல்வாள். என் முதுகைப் பற்றி ஒரு சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்த அந்தப் பேச்சைக் கேட்டு, விழுந்த நாளிலிருந்து முதல்முறையாக எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததில் வலித்தது. “சிரிக்காதீங்க, அளவு மாறிடும்” என்றாள் அக்கா.

அவர் நீளக் கத்தியைத் தண்ணீரில் நனைத்து நனைத்து, பழைய ரப்பர் துண்டுகளிலிருந்து கட்டைவிரல் அளவுக்குச் சின்னச் சின்ன உருளைகள் வெட்டினார். அவற்றைப் பசை தடவிக் குழிகளில் சொருகினார். நார் ஷீட்டையும் மெல்லிய ரப்பர் ஷீட்டையும் சைக்கிள் கேரியரில் சுருட்டிக் கட்டிக் கொண்டுவந்திருந்தார். முதலில் மெல்லிய ஷீட்டை அடியிலும் நாரை மேலேயும் போட்டுப் பார்த்தார். படகில் போட்ட பலகைமாதிரி ஆடியது, முதுகையும் குத்தியது. பிறகு மாற்றினார். கதவு, அதன் மேல் நார், அதன் மேல் குழி அடைத்த மெத்தை, எல்லாவற்றுக்கும் மேல் மெல்லிய ஷீட். ஒவ்வொரு தடவையும் அப்பா, அம்மா, அக்கா மூன்று பேரும் விரிப்பின் முனைகளைப் பிடித்து, என்னைத் தூக்கிப் பக்கத்தில் போட்டிருந்த பெஞ்சில் கிடத்தி, அவர் உள்ளே வந்து அடுக்கை மாற்றிவிட்டு வெளியே போனதும், மறுபடியும் தூக்கி வைத்தார்கள். நான்காவது தடவை எனக்கு வியர்த்துக் கண் இருட்டிக்கொண்டு வந்தது.

அக்கா என் முகத்தைப் பார்த்தாள். “இவங்களை எத்தினி வாட்டித் தூக்கறது? பாவமாக் கீது. நான் படுத்துப் பாத்துச் சொல்றேன். என் ஒசரம்தான், என் வெயிட்டுதான்.”

 அம்மா அலமாரியைத் திறந்து ஒரு விரிப்பை எடுத்து மெத்தையின் மேல் விரித்தாள். அந்த விரிப்பு எதற்கென்று எனக்குத் தெரிந்தது. அக்காவுக்கும் தெரிந்தது. பெஞ்சில் படுத்திருந்த என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கால்களைப் புடவையால் துடைத்துக்கொண்டு ஏறிப் படுத்தாள். எனக்கு அம்மாவின் மேல் கோபம் வந்தது. சொல்லத்தான் தைரியம் வரவில்லை.

“இன்னா, எப்படிக் கீது?” என்றார் அவர் வெளியிலிருந்து.

“இரு, இப்பத்தானே படுத்தேன்” என்றாள்.

ஐந்து நிமிடம் கழித்து மறுபடி கேட்டார். பதில் இல்லை. நான் தலையைத் திருப்பிப் பார்த்தேன். வாய் லேசாகத் திறந்திருக்க, ஒரு கை கட்டிலுக்கு வெளியே தொங்க, அக்கா தூங்கிப்போயிருந்தாள். அப்படி ஒரு தூக்கத்தை நான் பார்த்ததில்லை. கண்ணைத் திறந்திருந்தபோது தெரியாத அசதியெல்லாம் முகத்தில் தெரிந்தது. விரல் நுனிகளில் ஊசி குத்திய கறுப்புப் புள்ளிகள் இருந்தன.

அம்மா உள்ளே வந்தாள். கட்டிலருகே கொஞ்ச நேரம் நின்றாள். தொங்கிய கையை எடுத்து மெத்தையின் மேல் வைத்தாள். ஜன்னல் கதவைப் பாதி சாத்தினாள். வராந்தாவுக்குப் போய் அவரிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

“தூங்கறா. எழுப்பாதீங்க.”

“ஐயோ, தப்பா நெனச்சுக்காதீங்கம்மா. எழுப்பிடறேன். வேலைக்கு வந்த எடத்துல…”

“எழுப்பினா எனக்குக் கோபம் வரும். உட்காருங்க, காபி தரேன்.”

அவர் உட்கார்ந்தார். கத்தியைத் துடைத்து ஓரமாக வைத்துவிட்டு, யாரும் கேட்காமலே மெல்லிய குரலில் பேசினார். விடிவதற்கு முன்பே எழுந்து தெருக்குழாயில் தண்ணீர் பிடிப்பாளாம். மூன்று பிள்ளைகள். படுத்த படுக்கையாக இருந்த மாமியாருக்கு ஒரு வருஷம் எல்லாம் செய்தவள் அவள்தானாம். நடுவில் தையல். “ஊருக்கெல்லாம் உக்கார சீட்டு செய்யறோம். இது உக்காந்து நான் பாத்ததில்லம்மா” என்றார். அப்பா ரேடியோவை நிறுத்திவிட்டு வந்ததும் வீடு அமைதியாகிவிட்டது. நான் பெஞ்சின் மேல், முதுகு வலியோடு, அசையாமல் கிடந்தேன். அசைந்தால் பெஞ்ச் கிறீச்சிடும், அவள் விழித்துவிடுவாள் என்று பயம்.

இரண்டு மணி நேரத்துக்கு மேல் தூங்கினாள். கண்ணைத் திறந்ததும் எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் விழித்துவிட்டு, துள்ளி எழுந்து உட்கார்ந்தாள். முகம் சிவந்துபோயிற்று. “அம்மா, தெரியாம… கண்ணு அசந்துடுச்சு…” என்று தடுமாறினாள். அம்மா அவள் தோளைப் பிடித்து அழுத்தி, “பரவாயில்ல. முகம் கழுவிட்டு வா, சாப்பிடு” என்றாள். அக்கா அந்த விரிப்பைத் தானே மடிக்கப் போனபோது, அம்மா அதை அவள் கையிலிருந்து வாங்கி, மறுபடியும் மெத்தையின் மேலேயே போட்டாள். என்னையும் அதன் மேலேதான் அன்று கிடத்தினார்கள். 

அதற்கு முன் ஒரு காரியம் நடந்தது. முகம் கழுவிக்கொண்டு வந்த அக்கா, வெட்கத்தையெல்லாம் மறந்து, வேலைக்காரியாகப் பேசினாள்.

“யோவ், கேளு. படுத்த ஒடனே எல்லாமே நல்லாத்தான் கீது. கொஞ்ச நேரம் போன பொறவுதான் தெரியுது. இடுப்பு எறங்கல, அது சரி. ஆனா இடுப்பு வளைவுக்குக் கீழ வெத்தா இருந்து இழுக்குது. அங்க ஒரு பட்டை வெய்யி. ரொம்ப கனமா வேணாம், ஒரு விரல் கனம். பொறவு இந்தக் கடைசி எலும்பு படற எடத்துல நீ ரொம்ப அடைச்சுட்ட. நாலு குழியைத் தொறந்துவுடு.”

அவர் மறுபேச்சுப் பேசாமல் மெத்தையைப் புரட்டினார். நாலு குழிகளில் சொருகியிருந்த உருளைகளைப் பிடுங்கினார். ஒரு விரல் கனத்தில், ஒரு சாண் அகலத்தில் ஒரு பட்டை வெட்டி, இடுப்பு வளைவுக்கு நேராக மெத்தைக்கும் நாருக்கும் நடுவில் வைத்தார். என்னைத் தூக்கிக் கிடத்தினார்கள். அக்கா கையை விட்டுப் பார்த்தாள். “ஒரு விரல்கூடப் போவல” என்றாள் வெளியே பார்த்து. அப்புறம் என்னிடம் மெதுவாக, “இப்பச் சொல்லாதீங்க டீச்சரம்மா. ரெண்டு மணி நேரம் கழிச்சுச் சொல்லுங்க” என்றாள்.

நான் நாலு நாள் கழித்துத்தான் சொன்னேன், அப்பா மூலமாக. கால் மரத்துப்போவது நின்றுவிட்டது. பத்து நாளில் கறுத்த தோல் உரிந்து புதுத்தோல் வந்தது. நர்ஸ் அம்மா பார்த்துவிட்டு ஜெபம் செய்தார். டாக்டர் அடுத்த எக்ஸ்ரேயைப் பார்த்து, நேராகக் கூடியிருக்கிறது என்றார். முதலில் கட்டிலில் உட்கார்ந்தேன், பிறகு இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டு நின்றேன், பிறகு அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை நடந்தேன். கதவு அதன் பழைய இடத்துக்குப் போனது. ஈரத்தில் வளைந்துவிட்டிருந்ததால் அப்புறம் சரியாகச் சாத்தவே முடியவில்லை.

ஸ்கூலுக்குத் திரும்பிய மாதத்தில், நானும் அம்மாவும் பல்லாவரத்துக்கு அவர்களைப் பார்க்கப் போனோம். ரயில் ஸ்டேஷனிலிருந்து பம்மல் போகிற பக்கம், ஒரு ஒற்றை அறை வீடு. முன்பக்கம் பட்டறை. மீனம்பாக்கத்தில் இறங்குகிற விமானம் தலைக்கு மேல் போகும்போதெல்லாம் பேச்சை நிறுத்திவிட்டு, போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள். சுவரில் பாய்கள் சுருட்டிச் சாத்தியிருந்தன. மெத்தை என்று ஒன்றும் இல்லை.

அம்மா வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு வந்திருந்தாள். “இவளுக்கு இனிமே அந்த மெத்தை வேண்டாம்னு டாக்டர் சொல்லிட்டார். நீ எடுத்துக்கோ. உன் அளவுக்குத்தானே செஞ்சது” என்றாள்.

அக்கா சிரித்தாள். தையல் மிஷினை விட்டு எழுந்திருக்கவில்லை. “எங்க போடறதும்மா? நான் படுத்தா புள்ளைங்க மூணும் மேல ஏறிக் குதிக்கும். நாலா நாளு இவரு படுத்துப்பாரு.”

“விளையாடாதே. அன்னிக்கு எப்படித் தூங்கினே.”

“அது மெத்தையாலன்னு நெனச்சீங்களா?” என்றாள். பக்கத்தில் கணவர் இருந்ததைக்கூடக் கவனிக்காமல் சொன்னாள்: “மெத்தையில இன்னாம்மா கீது? அன்னிக்கு ரெண்டு மணி நேரம் யாரும் என்னைக் கூப்புடல. அதாம்மா.”

அவர் கையிலிருந்த ரெக்சினை வெட்டாமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். மேலே ஒரு விமானம் போனது.  அது போனதும் அம்மா சொன்னாள், “சனிக்கிழமை மத்தியானம் நீ தாம்பரம் வந்துடு. நான் கூப்பிட மாட்டேன்.”

சும்மா சொன்னது என்றுதான் நினைத்தேன். ஆனால் இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை, தைத்த தலையணை உறை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு அக்கா வந்து நின்றாள். அதைக் கொடுக்க வந்ததாகச் சொன்னாள். பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று அம்மா கேட்டாள். “அவரு பாத்துக்கறாரு. அவருதான் போயிட்டு வான்னாரு” என்றாள். அம்மா உள் அறையைக் காட்டினாள். அக்கா கட்டிலில் படுக்கவில்லை. தரையில் பாயைப் போட்டுக்கொண்டு, தலைக்குக் கையை வைத்துக்கொண்டு படுத்தாள். ஒன்றரை மணி நேரம் தூங்கிவிட்டு, டீ குடித்துவிட்டு ரயிலேறிப் போனாள்.

எல்லாச் சனிக்கிழமையும் வரவில்லை. மாதத்துக்கு ஒன்றோ இரண்டோ. வெறும் கையோடு வரக் கூச்சப்பட்டு ஒவ்வொரு தடவையும் எதையாவது தைத்துக்கொண்டு வருவாள். எங்கள் வீட்டில் தலையணை உறைகள் பெருகிவிட்டன. யாராவது வீட்டுக்கு வந்து சத்தமாகப் பேசினால் அம்மா, “உள்ளே ஆள் படுத்திருக்கு” என்று கையமர்த்துவாள். யார் என்று கேட்டால், “நம்ம பொண்ணுதான்” என்பாள்.

எழுபதுகளின் தொடக்கத்தில் அக்காவின் கணவருக்கு ஆவடிப் பக்கம் பஸ் பாடி கட்டும் இடத்தில் நிரந்தர வேலை கிடைத்தது. சாமான்களை லாரியில் ஏற்றுவதற்கு முந்தின சனிக்கிழமை அக்கா வந்தாள். அம்மா வழக்கம்போல உள் அறையில் பாயை விரித்து, ஜன்னலைப் பாதி சாத்தினாள். அக்கா பாயில் உட்கார்ந்து, என்னையும் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். அன்று அவள் தூங்கவில்லை. இரண்டு பேரும் ஐந்து மணி ரயில்வரை பேசிக்கொண்டிருந்தோம்.